பேனரில் இருந்த பெண்ணுக்கு ஓர் அறை

எங்கள் கல்லூரியில் சமவாய்ப்புக் குழு அமைத்தபோது என்னை அதன் செயலாளராகப் போட்டார்கள். நான் இயற்பியல் ஆசிரியை. செஞ்சிக்கு வெளியே, வகுப்பறை ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை தெரியும் தூரத்தில் இருக்கிறது எங்கள் பொறியியல் கல்லூரி. பல்கலைக்கழகமே நேரடியாக நடத்துவது. என்னைத் தேர்ந்தெடுக்கப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எந்தக் குளம் எப்போது வெட்டப்பட்டது, எந்த மதில் யார் காலத்தில் உயர்த்தப்பட்டது என்று படித்துச் சரிபார்த்து, உள்ளூர்ச் சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்புவது என் வழக்கம். "மேடம் எழுதினா தேதி தப்பாது" என்றார் முதல்வர். அவ்வளவுதான் தகுதி.

இந்தக் கட்டுரையில் மட்டும் நான் தேதி போடப்போவதில்லை. மாதங்களைச் சொல்கிறேன், போதும். தேதி போட்டால் ஆள் தெரிந்துவிடும். ஆள் தெரிந்ததால் வந்த சங்கடத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

குழுவில் நாங்கள் நான்கு பேர். தலைவர் முதல்வர். அப்புறம் இயந்திரப் பொறியியல் துறைத்தலைவர், நூலகர், நான். அறிவியலும் பொறியியலும் படிக்க வருகிறவர்களில் பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் யாரும் ஒதுங்கி நிற்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை என்று சுற்றறிக்கை சொன்னது. அதற்காக ஒவ்வொரு பருவத்திலும் நிகழ்ச்சிகள் நடத்திப் புகைப்படத்தோடு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். முதல் வருடம் மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி வைத்தோம். சக்கர நாற்காலிக்காகச் சாய்தளம் கட்டினோம். அப்போது கல்லூரியில் சக்கர நாற்காலியில் வருகிறவர் யாரும் இல்லை. சாய்தளத்தில் மாணவர்கள் பைக்கை ஏற்றி நிழலில் நிறுத்தினார்கள்.

நூலகர் மேல்சித்தாமூர்க்காரர், சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார். அதனால் குழுக் கூட்டங்களை மூன்று மணிக்கே ஆரம்பித்துவிடுவோம். கூட்டம் இழுத்தால் முதல்வரே கடிகாரத்தைப் பார்த்து, "சாருக்கு டைம் ஆவுது, மீதியை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். இதை யாரும் நிகழ்ச்சி என்று நினைத்ததில்லை, புகைப்படமும் எடுத்ததில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றிய பேச்சு முதலில் வந்ததும் அப்படி ஒரு கூட்டத்தில்தான். இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டில் அவள் ஒருத்திதான் பெண். துறைத்தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மேடம், அந்தப் பொண்ணு மாசத்துல ஒரு நாள் கரெக்டா லீவு போடுது. அந்த நாள்ல லேப் வந்தா லேபும் போவுது. நான் எப்படிக் கேக்கறது? நீங்க ஒரு லேடி, நீங்க கேட்டா நல்லா இருக்கும்."

அவர் என்ன நினைத்தார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. நூலகர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வருகைப் பதிவை வாங்கிப் பார்த்தேன். விடுப்பு நாட்களைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் அமாவாசை. இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, செஞ்சியில் இருக்கிறவர்களுக்கு அமாவாசையைக் காலண்டர் பார்க்காமலே சொல்லத் தெரியும். அன்று மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வருகிற கூட்டத்தில் பேருந்து நிலையத்துக்குள் கால் வைக்க முடியாது.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒல்லியான பெண். எண்ணெய்க்கறை படிந்த காக்கி மேல்சட்டையைக் கழற்றாமலே வந்து நின்றாள்.

"எங்க ஊரு மலையனூர் தாண்டி உள்ள போவணும் மேம். அமாவாசை அன்னிக்கு எங்க பஸ்ஸு ஸ்பெஷல் ஆயிடும். எங்க ஊருக்கு வராது. ரோட்டுக்கு நடந்து வந்து நின்னா, வர்ற வண்டி ஒண்ணும் நிக்காது. படியில தொங்கிட்டு வருவாங்க."

"இதை உங்க சார்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் மேம், செகண்ட் இயர்ல. பசங்கள்லாம் சிரிச்சாங்க. அமாவாசைக்கு நீ சாமி ஆடப் போறியான்னாங்க. சாரும் சிரிச்சுட்டாரு. அப்புறம் சொல்லல."

அமாவாசை மட்டும் அவள் பிரச்சினை இல்லை என்பது பேசப் பேசத் தெரிந்தது. கடைசி ஆண்டுத் திட்டத்துக்கு அவளும் மூன்று பையன்களும் ஒரு குழு. செடியிலிருந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆய்வதற்கு ஒரு சின்ன இயந்திரம் செய்யப்போகிறார்கள். யோசனையும் வரைபடமும் அவளுடையவை, குழுத்தலைவியும் அவள்தான். அவள் அம்மா அறுவடைக் காலம் முழுக்க நிலத்தில் குந்தி உட்கார்ந்து மல்லாட்டை ஆய்கிறவர். "அம்மா நிமிர்றதுக்கே ரொம்ப நேரம் ஆவும் மேம்" என்று மட்டும் சொன்னாள். பட்டறையில் லேத் காலியாவது வகுப்பு முடிந்த பிறகுதான். ஆனால் அவள் ஊர் வண்டியோ வகுப்பு முடிந்தவுடனே கிளம்பிவிடும். அதை விட்டால் அடுத்த வண்டிக்கு இருட்டிவிடும், இறங்கிய பிறகு நடக்கவும் வேண்டும். கல்லூரியில் மகளிர் விடுதி கிடையாது. அரசு மாணவியர் விடுதிகளில் சேர்க்கை ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிந்திருந்தது.

செஞ்சியில் ஒரு அறை இருந்தால் அந்த இயந்திரத்தை அவள் கையால் செய்ய முடியும். அறை இல்லாவிட்டால் அவள் வரைந்துகொடுப்பாள், பையன்கள் செய்வார்கள். விஷயம் இவ்வளவுதான்.

ஆவணி மாதத்தில் அவளுக்கு நான் ஒரு அறை பார்த்துக் கொடுத்தேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. மாடியில் ஒற்றை அறை, வெளியே குளியலறை. வீட்டுக்காரப் பெண் என் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவள் கணவர் சென்னையில் கேன்டீன் நடத்துகிறார், மாதம் ஒருமுறை வருவார். மகள் திருவண்ணாமலையில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஆள் துணை இல்லை என்று அவளும் யாரையாவது தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனபோது வீட்டுக்காரி ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா படிக்குது?"

"மெக்கானிக்கல்."

"லாரி ரிப்பேரா?" என்று சிரித்தாள். "எங்க வூட்டு மோட்டாரு கத்துது, பாத்துக் குடுத்தா வாடகைல கழிச்சுக்கறேன்."

"மோட்டாரு எலெக்ட்ரிக்கல் பசங்களோடதுங்க்கா" என்றாள் பெண். "ஆனா பாக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. எந்த ஊர் என்று மட்டும் வீட்டுக்காரி கேட்டாள். பெண் ஊர்ப் பெயரைச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் அடுத்து ஒரு கேள்வி வரும்: ஊரிலா, காலனியிலா என்று. நேராக யாரும் கேட்பதில்லை. மாரியம்மன் கோயிலுக்கு எந்தப் பக்கம் வீடு, பஸ் எங்கே நிற்கும், டேங்குக்கு முன்னாலா பின்னாலா என்று சுற்றிவந்து கேட்பார்கள். அது வரவில்லை. நல்லது, காலம் மாறியிருக்கிறது என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்தேன்.

புரட்டாசி முழுக்கவும் ஐப்பசியிலும் எல்லாம் நன்றாகவே போயிற்று. கார்த்திகையில் மழைக்கு மாடியில் சாரல் அடித்தபோது வீட்டுக்காரி அவளைக் கீழே கூடத்தில் படுக்கவைத்தாள். இருவரும் சேர்ந்து சீரியல் பார்த்தார்கள். நான் ஒருநாள் போனபோது ரிமோட்டுக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"பாருங்கக்கா, மாமியார் பேசற நேரமா பாத்து ஆஃப் பண்ணுது."

"அந்தம்மா மூணு நாளா ஒரே டயலாக்கு பேசுது மேம். படிக்கட்டுல ஏறி முடிக்கறதுக்குள்ள எனக்கு டிகிரியே வந்துடும்."

பட்டறையில் அவள் உருளையைக் கடைந்துகொண்டிருந்தாள். அதில் பற்கள் எந்தச் சாய்வில் இருந்தால் காய் உடையாமல் உதிரும் என்பதைப் பையன்களோடு வாதாடித் தீர்மானித்தாள். வகுப்பு முடிந்து நான் அந்தப் பக்கம் போகும்போது லேத் ஓடும் சத்தமும் அவள் அதட்டலும் கேட்கும். "டேய், அளவு பாத்துட்டு வை. கண்ணால பாக்காத, காலிப்பர்ல பாரு."

மார்கழியில் அவர்கள் வரைபடமும் பாதி முடிந்த மாதிரியும் மண்டல அளவிலான மாணவர் போட்டிக்குத் தேர்வாயின. பங்குனியில் போட்டி. அதற்குள் இயந்திரம் ஓட வேண்டும். எங்கள் கல்லூரியிலிருந்து இதற்கு முன் எதுவும் தேர்வானதில்லை. அதே சமயத்தில், பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்குழு வருகிறது, சமவாய்ப்புக் குழு என்ன செய்தது என்று பார்ப்பார்கள் என்றும் தகவல் வந்தது.

பேனர் வைக்கலாம் என்றார் முதல்வர். கல்லூரி வாசலில் ஒன்று, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒன்று. வாசகத்தை அவரே எழுதியிருந்தார். இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டின் ஒரே மாணவி, பட்டியல் இனத்து முதல் தலைமுறைப் பட்டதாரி, விவசாயக் கூலித் தொழிலாளியின் மகள், மண்டலப் போட்டிக்குத் தேர்வான குழுவின் தலைவி என்று நான்கு வரிகள்.

நான் சொன்னேன்: "சார், பேரும் படமும் போட்டியும் மட்டும் போதுமே."

முதல்வர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"மேடம், நான் படிக்கறப்ப ரூம் கேக்கப் போற எடத்துல வேற ஊர்ப் பேர் சொல்வேன். சொந்த ஊர்ப் பேரைச் சொன்னா தெரிஞ்சிடும். ஒருதடவை அப்படி ஒரு ஊர்ப் பேரைச் சொல்லி மாட்டிக்கிட்டு, அந்த ஊர்க்காரன் ஒருத்தன் வந்து யார் வூட்டுப் பையன்னு கேக்க, ராவோட ராவா பெட்டியைத் தூக்கிட்டுப் போனவன் நான். வேலைக்கு வந்தும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அண்ணலோட இந்த நீலக் கோட்டுப் படத்தை மேஜையில வச்சதே இங்க வந்தப்புறம்தான். இந்தப் பொண்ணு எதுக்கு மறைக்கணும்? நாம எதுக்குக் குழு வச்சிருக்கோம்?"

துறைத்தலைவர் தலையை ஆட்டினார். நூலகர் என்னைப் பார்த்தார். முதல்வரிடம் நான் என்ன சொல்வது? அவர் வாழ்ந்து சொல்கிறார். நான் மறைத்து வைக்கச் சொல்கிறவளாக அங்கே உட்கார்ந்திருந்தேன். பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றேன். கூப்பிட்டார்கள். முதல்வர், துறைத்தலைவர், நாங்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, அவள் நின்றபடி படித்துப் பார்த்தாள்.

"போடலாமாம்மா?"

"போடுங்க சார்."

வெளியே வந்ததும் தனியாகக் கேட்டேன். உனக்குச் சரிதானா என்று.

"ஃபோட்டோல முடி சரியில்ல மேம். வேற ஃபோட்டோ குடுக்கலாமா?"

பச்சைச் சுடிதாரில் எடுத்த வேறு படத்தைக் கொடுத்தாள்.

பொங்கல் விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை நான் சீயமங்கலம் குடைவரைக் கோயிலுக்குப் போயிருந்தேன். அங்கே தூணில் சரிபார்க்க வேண்டிய ஒரு கல்வெட்டு வரி இருந்தது. திரும்பிவந்து செஞ்சியில் இறங்கும்போது பேனர் நின்றிருந்தது. நல்ல பேனர். அவள் முகம் பெரிதாக, சிரிக்காமல், பேருந்துகளைப் பார்த்தபடி. நாலு வரியும் தூரத்திலிருந்தே படிக்கத் தெரிந்தது. பழக்கடைக்காரர் ஒருவர் இன்னொருவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்காரி எனக்கு போன் செய்தாள். "வூட்டுப் பக்கம் வந்துட்டுப் போங்கக்கா" என்றாள். பெண் பட்டறையில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தாள்.

காபி கொடுத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பேனரு பாத்தேங்க்கா. நல்லா இருக்குது. அந்தப் பச்சை சுடிதாரு எங்க மாடியில காஞ்சதுதான்னு பக்கத்து வூட்ல சொன்னேன்."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீங்க கூட்டியாந்தீங்களேன்னு நான் ஒண்ணும் கேக்கலக்கா."

அப்போதுதான் ஆவணி மாதத்தில் அந்தக் கேள்வி ஏன் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. காலம் ஒன்றும் மாறியிருக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றதையே பதிலாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றேன்.

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனே. கேக்காம போனது நல்லதாப் போச்சா கெட்டதாப் போச்சான்னு தெர்ல."

"அது இன்னா தப்பு பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. பண்ணியிருந்தா எனக்கு ஈஸியா இருக்குமே." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மாசில எங்க பொண்ணைப் பாக்க வர்றாங்க. மாடியில யாருன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"இன்ஜினியருக்குப் படிக்கற பொண்ணுன்னு சொல்லு."

"அப்புறம் எந்த ஊருன்னு கேப்பாங்க. அப்புறம் எந்தப் பக்கம்னு கேப்பாங்க. நீங்களா இருந்தாலும் அதான் கேப்பீங்க. கேக்கவே வேணாமே, பஸ் ஸ்டாண்டுலயே எழுதி வச்சிருக்காங்க."

நான் சட்டம் பேசினேன். மனசாட்சி பேசினேன். கூடத்தில் படுக்கவைத்தாயே, ஒரே தட்டில் முறுக்கு தின்றீர்களே என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். மறுக்கிற ஆளோடு சண்டை போடலாம். ஒப்புக்கொண்டு அழுகிற ஆளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"மாடி ஒழுவுது, ரிப்பேரு பண்ணணும்னு நீங்களே அதுகிட்ட சொல்லிடுங்கக்கா. என்னால மூஞ்சியப் பாத்து சொல்ல முடியாது."

தை மாதம் அது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் பட்டறை வாசலில் என்னைப் பார்த்ததும் பெண்ணே ஆரம்பித்தாள்.

"அந்தக்கா நேத்து தோசை குடுத்தாங்க மேம். எப்பவும் உள்ள வந்து குடுத்துட்டு, ரூம் குப்பையா இருக்குதுன்னு திட்டிட்டுப் போவாங்க. நேத்து வாசல்லயே வச்சுட்டுக் கூப்பிட்டாங்க." கையில் இருந்த பஞ்சுக்கழிவால் விரல்களைத் துடைத்தாள். "எப்ப காலி பண்ணணுமாம்?"

அதன் பிறகு வேறு அறை தேடினேன். காந்தி பஜாரின் பின்பக்கம், திண்டிவனம் சாலை, திருவண்ணாமலை சாலை, புதிதாக மனை போட்ட இடங்கள். பொதுவாக ஒரு ஆளுக்கு அறை கேட்டால் முதலில் யாருக்கு என்பார்கள். நான் யாருக்கு என்று சொன்னதும் முகம் மலரும்.

"பேனர்ல இருக்கற பொண்ணா? நல்லா படிக்குதாமே. எங்க பேரனுக்குக் காட்டினேன், பாருடா, பொம்பளப்புள்ள மெஷின் செய்யுதுன்னு."

"ரூம் இருக்குதுங்களா?"

"அய்யோ, நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம் மேடம்."

ஒரு இடத்தில் மருமகளுக்குப் பிரசவம். ஒரு இடத்தில் குடும்பத்துக்கு மட்டும்தான். ஒரு இடத்தில் வாடகைப் பலகை தொங்கிக்கொண்டே இருந்தது, அவர்கள் அதைக் கழற்ற மறந்துவிட்டார்கள். எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். ஒருவர்கூடத் தவறாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சமூகத்தார் இருக்கிற தெருவிலும்கூடக் கேட்டேன். அங்கே இருந்தது எல்லாம் குடும்பங்களுக்கே போதாத வீடுகள். ஒரு அம்மாள் மட்டும் கூடத்தில் படுத்துக்கட்டும் என்றார். அந்தக் கூடத்தில் ஏற்கெனவே ஐந்தாறு பேர் படுத்தார்கள்.

எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். நானும் கேட்டேன். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, கொழுந்தனார் குடும்பமும் அதிலேயே. கணவர் "பாக்கலாம்" என்றார். மாமியார் சமையலறை அலமாரியிலிருந்து தனியாக ஒரு தட்டும் டம்ளரும் எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். அதுதான் அவருடைய சம்மதம். வா என்று பெண்ணைக் கூப்பிட்டேன். தட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

"வேணாம் மேம்" என்றாள். "எந்தத் தட்டுல போடறாங்கன்னு நீங்க பாத்துட்டே இருப்பீங்க. நீங்க பாக்கறதை நான் பாத்துட்டு இருப்பேன். ரெண்டு பேருக்கும் சாப்பாடு எறங்காது."

குழுவைக் கூட்டச் சொன்னேன். முதல்வரிடம் முழுக்கச் சொன்னேன். எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எழுத்துல ஒரு புகார் குடுக்கச் சொல்லுங்க மேடம். நான் எடுத்துட்டுப் போறேன். கலெக்டர் வரைக்கும் போறேன்."

பெண் கொடுக்கவில்லை. "அந்தக்கா இன்னா சொன்னாங்கன்னு எழுதறது மேம்? மாடி ஒழுவுதுன்னு சொன்னாங்க. அதான எழுத முடியும்?" என்றாள். பிறகு, "காய்ச்சல் வந்தப்ப ராத்திரியெல்லாம் உக்காந்திருந்தாங்க. அவங்க மேல நான் எழுதித் தர மாட்டேன்" என்றாள்.

பட்டறையை ஒட்டிய சாமான் அறையைச் சுத்தம் செய்து கொடுக்கலாமா என்று கேட்டார் துறைத்தலைவர். மாலை ஆறு மணிக்கு மேல் மாணவிகள் வளாகத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. அவர்கள் பாதுகாப்புக்காகப் போட்டது. அதைத் தளர்த்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினோம். பதில் வரவில்லை. நூலகர் தன் ஊர் மடத்தில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். மேல்சித்தாமூரிலிருந்து கல்லூரிக்கு வருவதும் அவள் ஊரிலிருந்து வருவதும் ஏறக்குறைய ஒரே பாடுதான் என்பது அவருக்கும் தெரியும். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அன்று முதல்வர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நூலகரும் எழுந்திருக்கவில்லை. அன்று அவர் இரவு பட்டினியாகத்தான் படுத்திருப்பார்.

நடவடிக்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். தேதி போட்டேன், வந்தவர்கள் பெயர் போட்டேன். அதற்குக் கீழே எழுத எதுவும் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை, எதையும் மறுக்கவில்லை, எதையும் செய்யவில்லை. நடந்ததை எழுதிவைப்பதுதான் இத்தனை வருடமாக என் பழக்கம். நடந்தது எது என்று சுட்டிக்காட்ட முடியாத ஒன்றை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பேனரையாவது எடுத்துவிடலாம் என்றேன். முதல்வர் சரி என்றார். அவர் குரல் மிகவும் இறங்கியிருந்தது. அதையும் பெண்தான் தடுத்தாள்.

"எங்க நைனா செஞ்சிக்கு வரும்போதெல்லாம் அது கீழ நின்னுட்டுப் போறாரு மேம். எங்க சித்தப்பா, மாமா எல்லாரையும் கூட்டியாந்து காட்டினாரு. செல்போன்ல எடுத்து வச்சிருக்காரு. எடுத்துட்டா ஏன் எடுத்தாங்கன்னு கேப்பாரு."

"ரூம் காலி பண்ணதுக்கு என்ன சொன்னே?"

"லேத் வேலை முடிஞ்சிடுச்சுன்னு சொன்னேன்."

மாசி முதல் வாரத்தில் அவள் மறுபடியும் ஊரிலிருந்து வர ஆரம்பித்தாள். வகுப்பு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடுவாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்குப் போய் முந்தின நாள் மாலை நடந்ததைப் பார்ப்பாள். பையன்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களில் ஒருவன் அவளுக்காக ஒவ்வொரு நாளும் வீடியோ எடுத்து அனுப்பினான். ஆனால் வேலை நிற்குமா? பற்களின் சாய்வு அவர்களுக்குச் சரிப்படவில்லை. வேறு மாதிரி மாற்றினார்கள். அதுவும் ஓடியது. மல்லாட்டை கொஞ்சம் உடைந்தது, பரவாயில்லை என்றார்கள். போட்டிக்கு முன்னால் துறைத்தலைவர் என்னிடம் வந்து சங்கடத்தோடு சொன்னார்.

"டைம் குடுக்க முடியாத ஆளு லீடரா இருந்தா டீமுக்குக் கஷ்டம் மேடம். ஓட்டிக் காட்டணும், கேள்வி கேட்டா பதில் சொல்லணும். அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு, டீம்ல ஒரு பையன் பேரைப் போடுங்கன்னு."

போட்டியில் அந்தப் பையன் இயந்திரத்தை ஓட்டினான். அவள் வரைபடத்தை விளக்கினாள். நடுவர்களில் ஒருவர் பாராட்டினாராம்: "பொண்ணு ட்ராயிங் போட்டிருக்கு, பசங்க மெஷின் பண்ணியிருக்காங்க. நல்ல டீம்." பரிசு வரவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே பேனரில் அவள் இன்னமும் குழுத்தலைவியாக நின்றுகொண்டிருந்தாள். ஆய்வுக்குழு வந்தது. பேனரின் புகைப்படத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மற்றக் கல்லூரிகளுக்கும் காட்ட ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சித்திரையில் கடைசி வாய்மொழித் தேர்வு முடிந்த அன்று அவள் அப்பா கல்லூரிக்கு வந்தார். வெள்ளைச் சட்டையும் வேட்டியும் போட்டிருந்தார். சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. கையில் இரண்டு மஞ்சள் பைகள். இரண்டிலும் புது மல்லாட்டை.

"ஒண்ணு உங்களுக்கும்மா" என்றார். "ஒண்ணு அந்த வூட்டுக்கார அம்மாவுக்கு. பொண்ணு மாரி பாத்துக்கிட்டாங்களாம், காய்ச்சல்ல ராவெல்லாம் முழிச்சிருந்தாங்களாம். எந்த வூடுன்னு காட்டுனீங்கன்னா நேர்ல ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிடுவேன்."

பெண் அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"அவங்க ஊர்ல இல்ல நைனா. சென்னைக்குப் போயிருக்காங்க. மேம் குடுத்துடுவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள்.

"குடுத்துடறேன்" என்றேன்.

மாலையில் பையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன். வீட்டுக்காரி வாசலில்தான் இருந்தாள். மாசியில் வந்து பார்த்தவர்கள் அதன் பிறகு பதில் சொல்லவில்லை என்று தெரு முழுக்கத் தெரியும். மாடி இன்னும் காலியாகவே இருந்தது. யார் கொடுத்தது என்று சொன்னேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முறத்தில் கொட்டும் சத்தம் கேட்டது. வெகுநேரம் வெளியே வரவில்லை.

"காய் நல்லா வெளஞ்சிருக்குது" என்றபடி வந்தாள். "பையை வெறுமனே குடுக்கக் கூடாது" என்று உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்தாள். "அதுகிட்ட குடுத்துடுங்கக்கா."

பெண்ணுக்கு இனிக் கல்லூரியில் வேலை இல்லை; சான்றிதழ் வாங்க எப்போது வருவாள் என்று தெரியாது. அன்றே போன் செய்தேன். பழம் கொடுத்திருப்பதைச் சொன்னேன்.

"நீங்க சாப்டுங்க மேம்" என்றாள். பின்னால் பேருந்துச் சத்தமோ ட்ராக்டர் சத்தமோ கேட்டது. "நைனா வந்ததுலேர்ந்து கேட்டுட்டே இருக்காரு, அந்தம்மா வாங்கிக்கிட்டாங்களான்னு. வாங்கிக்கிட்டாங்கன்னு சொல்லிட்டேன். வாங்கிக்கிட்டாங்கதான மேம்?"

"வாங்கிக்கிட்டாங்க" என்றேன்.